கே.பி.சுந்தராம்பாள்: 1935-லேயே ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய குரல்... இன்றைய '360 டிகிரி' ஒப்பந்தத்துக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு 'ராயல்டி' என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் ஒவ்வொரு டன் பழுப்பு நிலக்கரிக்கும் மாநில அரசுக்கு ராயல்டி போகிறது. வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கும் பணம் அது. ஆனால் நிலம் கொடுத்தவரின் கணக்கு வேறு. நிலத்துக்கான விலை ஒரே தடவை. அதற்குப் பிறகு கீழே இருந்து எத்தனை வருஷம் கரி வந்தாலும் அதில் அவருக்குப் பங்கு கிடையாது.

பாட்டுத் தொழிலிலும் இதே சண்டைதான் நடக்கிறது.

அதே டவுன்ஷிப்பின் ஏதோ ஒரு வட்டத்தில், குவார்ட்டர்ஸ் மாடியில் நின்று ஒரு பெண் செல்போனில் பாடிப் போட்ட வீடியோ வைரலாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மியூசிக் கம்பெனி ஒப்பந்தத்தோடு வருகிறது. ரெக்கார்டிங் செலவு, வீடியோ செலவு, விளம்பரம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு பாடல், மேடைக் கச்சேரி, யூடியூப் வருமானம், விளம்பரத்தில் நடித்தால் வரும் பணம் என எல்லாவற்றிலும் கம்பெனிக்குப் பங்கு. இதைத்தான் '360 டிகிரி ஒப்பந்தம்' என்கிறார்கள்.

கையெழுத்து போடலாமா, கூடாதா? இதற்குப் பதில் தேட, நூறு வருஷத்துக்கு முன்னால் ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் கதையைப் பார்க்க வேண்டும்.

ரயிலில் கிடைத்த முதல் வாய்ப்பு

காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் சுந்தராம்பாள். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கே.பி.'யில் முதல் எழுத்து ஊர். இரண்டாவது எழுத்து அம்மா பாலாம்பாள். வீட்டில் கடும் வறுமை. ரயிலில் பாடி, பயணிகள் கொடுக்கும் சில்லறையை வீட்டுக்குக் கொண்டுவந்த குழந்தை அவர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் மூலமாகத்தான் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது.

அந்தக் கால நாடகக் கம்பெனி என்பது கிட்டத்தட்ட இன்றைய 360 டிகிரி ஒப்பந்தம் மாதிரிதான். சாப்பாடு, துணி, தங்குமிடம், பாட்டு வாத்தியார் எல்லாம் கம்பெனி பொறுப்பு. எந்த ஊருக்குப் போவது, எந்த வேஷம் போடுவது, எத்தனை மணிக்கு எழுவது, இதுவும் கம்பெனி முடிவு. எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாம் 'பாய்ஸ் கம்பெனி'யில் இப்படி வளர்ந்தவர்கள்தான்.

இது அநியாயமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. கம்பெனி இல்லாவிட்டால் கொடுமுடிச் சிறுமிக்கு மேடையே இல்லை. பசியோடு இருக்கும் குழந்தைக்கு மூன்று வேளைச் சோறும் ஒரு தொழிலும் கிடைத்தது உண்மை. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அந்தக் குழந்தையும் குடும்பமும் இல்லை என்பதும் உண்மை.

'ஸ்பெஷல் நாடகம்' கொடுத்த சுதந்திரம்

அந்த நேரத்தில்தான் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை பரவியது. இதில் நடிகர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தம் இல்லை. காண்ட்ராக்டர் ஒருவர் ஒரு இரவுக்கோ, சில இரவுகளுக்கோ ஆட்களை 'புக்' செய்வார். நாடகம் முடிந்தால் பேசிய பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊர்.

பெரிய பெயர் இருப்பவருக்கு இது லாபம். டிக்கெட் விற்பது தன் குரலால்தான் என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தொகையைப் புதிதாகப் பேசலாம். சுந்தராம்பாள் அப்படிப் பெயர் எடுத்தார். இலங்கையில் நாடகம் நடத்தப் போன இடத்தில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து மேடையேறினார். இரண்டு குரலும் சேர்ந்த 'வள்ளி திருமணம்' ஊர் ஊராகக் கூட்டத்தைக் கூட்டியது. 1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27 மட்டுமே. சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் வெள்ளைப் புடவை. எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. கடைசி வரை அதில் மாறவில்லை.

இசைத்தட்டு யாருக்குச் சொந்தம்?

கிட்டப்பா போய்விட்டார். அவர் குரல் போகவில்லை. கிராமபோன் இசைத்தட்டில் அது பாடிக்கொண்டே இருந்தது. சுந்தராம்பாளின் தட்டுகளும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

இங்கேதான் சட்டம் வருகிறது. அன்று இந்தியாவில் நடைமுறையில் இருந்தது 1914-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். பிரிட்டனின் 1911 சட்டத்தை அப்படியே ஒட்டி வந்தது. அதன்படி, இசைத்தட்டின் உரிமை மூலத் தட்டுக்குச் சொந்தக்காரரான கம்பெனிக்கு. பாடியவருக்குச் சட்டத்தில் தனி உரிமை எதுவும் கிடையாது. கம்பெனி ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறதோ அதுதான். பாடி முடித்ததும் ஒரு தொகை கொடுத்து அனுப்புவது அந்தக் காலத்தில் சகஜம். தட்டு நூறு விற்றாலும் லட்சம் விற்றாலும் அந்தத் தொகை மாறாது.

நெய்வேலிக் கணக்கில் சொன்னால், நிலத்துக்கு விலை கொடுத்தாச்சு, கரியில் பங்கு இல்லை.

'நந்தனார்' படமும் ஒரு லட்சமும்

1935-ல் அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் 'நந்தனார்' படம் எடுக்க சுந்தராம்பாளிடம் வந்தார். சினிமாவில் நடிக்க அவருக்கு விருப்பம் இல்லை. தயாரிப்பாளர் திரும்பிப் போய்விடட்டும் என்றுதான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று சொல்லப்படுகிறது. தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார். சில படங்களின் மொத்தச் செலவே அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும் காலம் அது.

நந்தனார் ஆண் வேஷம். அதனால் அவர் எடுத்த முடிவுக்கும் பங்கம் வரவில்லை. உடன் நடித்தவர் கர்நாடக இசை வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். படம் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. ஆனால் அந்த நஷ்டம் சுந்தராம்பாளைத் தொடவில்லை. பேசிய பணம் பேசியபடி.

இதைச் 'சம்பள சாதனை' என்று மட்டும் பார்த்தால் முக்கியமான விஷயம் தவறிப்போகும். அவர் விற்றது ஒரே ஒரு படத்தை. மேடை அவர் கையில்தான் இருந்தது. என்ன வேஷம், யாரோடு என்ற முடிவும் அவர் கையில் இருந்தது. அடுத்த படமான 'மணிமேகலை' 1940-ல்தான் வந்தது. எஸ்.எஸ்.வாசனின் 'ஔவையார்' 1953-ல். அவசரப்பட்டு எதையும் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

ஏன் இல்லை? சினிமா வேண்டாம் என்றாலும் அவருக்கு ஏற்கெனவே மேடை இருந்தது. முதல் கம்பெனியில் சேரும்போது ரயில் பாட்டுச் சிறுமிக்கு இல்லாத பலம் அதுதான்.

1957: ஒரே வருஷம், இரண்டு சட்டம்

நெய்வேலியில் முறையாகச் சுரங்கப் பணி தொடங்கியது 1957 மே மாதம். தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு. அதே வருஷம் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம். பூமியிலிருந்து எடுக்கும் கனிமத்துக்கு ராயல்டி கட்ட வேண்டும் என்று இது சொன்னது. மற்றொன்று, இன்றும் நடைமுறையில் இருக்கும் காப்புரிமைச் சட்டம். இதில் பாட்டு எழுதியவருக்கு இடம் இருந்தது, இசையமைத்தவருக்கு இருந்தது, ஒலிப்பதிவு செய்த கம்பெனிக்கும் இருந்தது. பாடியவருக்கு மட்டும் இல்லை.

1977-ல் சினிமா இசை உரிமை பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பு தயாரிப்பாளர்கள் பக்கம் போனது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். மக்கள் மயங்குவது பாடகரின் குரலில், ஆனால் சட்டம் பாடகருக்கு எதையும் தரவில்லை, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

சுந்தராம்பாள் அப்போது உயிரோடு இருந்தார். 'பூம்புகார்', 'திருவிளையாடல்' வெளிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 'துணைவன்' படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ, சட்ட மேலவை உறுப்பினர் பதவி எல்லாம் வந்தாகிவிட்டது. பாடகர் என்ற முறையில் சட்டப்படியான உரிமை மட்டும் வரவே இல்லை. 1980-ல் அவர் காலமானார். பாடுபவர், நடிப்பவர் போன்ற கலைஞர்களுக்குத் தனி உரிமை தரும் சட்டத் திருத்தம் வந்தது 1994-ல். பாடகருக்கு ராயல்டி உண்டு என்று தெளிவாகச் சொன்னது 2012 திருத்தம்.

கம்பெனி பக்கத்து நியாயம் என்ன?

360 டிகிரி ஒப்பந்தம் பெரிதாகப் பேசப்பட்டது 2000-க்குப் பிறகு. இன்டர்நெட்டில் பாட்டு இலவசமாகப் பரவியது, சி.டி. விற்பனை சரிந்தது. ரெக்கார்டு விற்பனையை மட்டும் நம்பிப் பணம் போட முடியாது, கலைஞர் சம்பாதிக்கும் மற்ற இடங்களிலும் பங்கு வேண்டும் என்று கம்பெனிகள் கேட்டன. 2002-ல் பிரிட்டிஷ் பாடகர் ராபி வில்லியம்ஸ் இ.எம்.ஐ. கம்பெனியோடு இப்படி ஒப்பந்தம் போட்டார். 2007-ல் மடோனா, லைவ் நேஷன் நிறுவனத்தோடு போட்டார்.

கம்பெனியின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பணம் போடும் புதுமுகங்களில் பலர் ஜெயிப்பதில்லை. ஜெயிக்கும் சிலரிடமிருந்துதான் மொத்தச் செலவையும் எடுக்க வேண்டும்.

ஆனால் ராபி வில்லியம்ஸும் மடோனாவும் கையெழுத்து போடும்போது ஏற்கெனவே நட்சத்திரங்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். சுந்தராம்பாள் ஒரு லட்சம் கேட்டதும் அப்படித்தான். முதல் பாட்டு பாட வரும் புதுமுகத்தின் நிலை வேறு. தென் கொரியாவில் இது வெடித்தது. 13 வருஷ ஒப்பந்தத்தை எதிர்த்து 'டி.வி.எக்ஸ்.கியூ.' இசைக்குழுவின் மூன்று பேர் 2009-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருஷம் அந்நாட்டின் வர்த்தக ஆணையம், 7 வருஷத்தை எல்லையாக வைத்து மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்தது.

அப்போ, எது நியாயம்?

எல்லாவற்றிலும் பங்கு கேட்பதாலேயே ஒரு ஒப்பந்தம் அநியாயம் ஆகிவிடாது. பங்கு கேட்கும் இடத்தில் எல்லாம் கம்பெனி வேலையும் பார்க்க வேண்டும். கச்சேரியில் பங்கு என்றால், கச்சேரி பிடித்துத் தர வேண்டும். எத்தனை வருஷம் என்று எல்லை வேண்டும். வெளியே வர வழியும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தம், புதுமுகத்தின் இயலாமையை வைத்து எழுதிய ஒப்பந்தம்தான்.

கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• உரிமையை எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால், இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி அது 5 வருஷம் மட்டுமே. எந்த இடம் என்று எழுதவில்லை என்றால், இந்தியாவுக்குள் மட்டும். 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும்' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

• உரிமையை வாங்கிய கம்பெனி ஒரு வருஷம் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அந்த உரிமை காலாவதி ஆகும்.

• நீங்களே பாட்டு எழுதி இசையமைத்தால், அதற்கான ராயல்டி பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க 2012 திருத்தம் அனுமதிப்பதில்லை. அதைச் சட்டப்படியான வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம்.

• 18 வயது ஆகாதவர் போடும் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது. பெற்றோரிடம் கையெழுத்து கேட்டால், எதற்கு என்று வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

• கம்பெனி செய்யும் செலவை உங்கள் பங்கிலிருந்து கழிப்பார்களா, கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்டுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

கொடுமுடிச் சிறுமிக்கு இந்த ஐந்தில் எதையும் சொல்ல அன்று ஆள் இல்லை. தன் விலையைத் தானே சொல்லும் இடத்துக்கு வர அவருக்குப் பல வருஷ மேடை வாழ்க்கை தேவைப்பட்டது. நெய்வேலி குவார்ட்டர்ஸ் மாடியில் பாடும் பெண்ணுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒப்பந்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் அவகாசம் கேட்டாலே போதும். அந்த ஒரு வாரத்தைக்கூடத் தர மறுக்கும் கம்பெனியிடம் பல வருஷ உழைப்பை ஒப்படைக்கலாமா என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.