எச்சிலை ஆராய்ந்த ஃபிளெமிங்

விடியலில் முட்டை லாரிகள் புறப்படுவதைப் பார்த்தே நாமக்கல்லில் வளர்ந்தவன் நான். அந்த முட்டையின் வெள்ளைக்கருவுக்கும் நம் வாயில் ஊறும் எச்சிலுக்கும் உறவுண்டு எனக் காட்டியவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பென்சிலினுக்காக அவரைப் போற்றும் நாம், அதற்கு முந்தைய இந்தக் கண்டுபிடிப்பை மறந்துவிட்டோம்.

ஸ்காட்லாந்தில் ஒரு குடியானவர் வீட்டில் 1881-இல் பிறந்தவர் அவர். ஏழு வயதில் தந்தையை இழந்தார். லண்டனில் கப்பல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு, உறவினர் விட்டுச்சென்ற பணத்தில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் பணியாற்றுகையில், ஆழ்ந்த புண்களில் ஊற்றிய கிருமிநாசினிகள் கிருமிகளைவிட உடலின் வெள்ளணுக்களையே அதிகம் அழிப்பதைக் கண்டார். உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் விதம் பற்றிய தேடல் அங்கேதான் வேர்விட்டிருக்க வேண்டும்.

1921-இல் சளி பிடித்திருந்தபோது, தம் மூக்குநீரையே கிருமிகள் வளரும் தட்டில் இட்டார். அருகிலிருந்த கிருமிகள் கரைந்தன. அடுத்துக் கண்ணீரையும் எச்சிலையும் சோதித்தார். கண்ணீருக்காக எலுமிச்சைச் சாறு கொண்டு உடன் பணியாற்றியோரை அழவும் வைத்தார்! முட்டை வெள்ளையிலும் அந்தப் பொருள் மிகுந்திருந்தது. மறு ஆண்டு வெளியான கட்டுரையில் அது லைசோசைம் எனப் பெயர் பெற்றது. கொடிய கிருமிகள் பல அதற்கு அடங்காததால் மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எச்சில் என்றாலே தீட்டென ஒதுங்கும் நம்மவர்கள் மட்டும் கண்டுகொண்டிருப்பார்களா என்ன?

1928-இல் பென்சிலினைக் கண்டார். அதை மருந்தாக்கிய ஃபுளோரி, செயின் ஆகியோருடன் 1945-இல் நோபல் பரிசு பெற்றார். லைசோசைம் பாக்டீரியாவின் புறச்சுவரை உடைக்கிறது. பென்சிலின் அச்சுவர் எழாமல் தடுக்கிறது. வைரஸுக்கோ அப்படியொரு சுவரே இல்லை. வாய்க்குள் நுழையும் வைரஸை எதிர்கொள்ள எச்சிலில் வேறு காவலர்கள் இருக்கின்றனர். மியூசின் எனும் வழுவழுப்பான புரதம் அதைச் சிக்கவைக்கிறது, ஐ.ஜி.ஏ. எனும் எதிர்ப்புப்புரதம் அதன்மேல் ஒட்டி, செல்களைப் பற்றவிடாமல் தடுக்கிறது.

போதிய அளவின்றிப் பென்சிலின் உட்கொண்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என நோபல் உரையிலேயே எச்சரித்த ஃபிளெமிங், 1955-இல் மறைந்தார். கோழி உள்ளிட்ட உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் எனும் ஆன்டிபயாடிக்கைத் தரக்கூடாதென இந்திய அரசு தடைவிதித்தது 2019-இல்தான்.

சென்ற மழைக்காலத்தில் வெறும் சளிக்காக, மருத்துவர் சீட்டின்றி மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கேட்டு வாங்கியவன் நான். இரண்டை விழுங்கினேன். மூன்றாவது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.