பத்ம விருதுகளை மறுத்த சிதார் மேதை

புது தில்லி: நேரு ஆட்சியில் 1964-இல் பத்மஸ்ரீ, இந்திரா ஆட்சியில் 1968-இல் பத்மபூஷண், வாஜ்பாய் ஆட்சியில் 2000-இல் பத்மவிபூஷண். மூன்றையும் மறுத்தவர் சிதார் மேதை உஸ்தாத் விலாயத் கான். தமது வாசிப்பை எடைபோடும் இசைஞானம் தேர்வுக் குழுவுக்கு இல்லை என்பது அவரது வாதம். தமக்கு இளையவர்களும், தகுதியில் குறைந்தவர்கள் எனத் தாம் கருதியவர்களும் முன்னரே பெற்றுவிட்ட விருதை ஏற்பது தமக்கு அவமதிப்பு என்றும் 2000-இல் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரவிசங்கருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டிருந்தது. இதில் செருக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனினும், குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது வழங்கிய 'அஃப்தாப்-எ-சிதார்' பட்டத்தை அவர் விரும்பியே ஏற்றார்.

இன்று வங்கதேசத்தில் உள்ள கௌரிப்பூரில் 1928-இல் பிறந்தவர் விலாயத் கான். தாத்தா இம்தாத் கான், தந்தை இனாயத் கான் இருவரும் பெயர்பெற்ற சிதார் கலைஞர்கள். எட்டு வயதிலேயே அவரது இசைத்தட்டு வெளிவந்தது. 1938-இல் தந்தை மறைந்தபோது குடும்பம் நிலைகுலைந்தது. தில்லிக்கு வந்த சிறுவனுக்கு அகில இந்திய வானொலி நிலையம் புகலிடம் தந்தது. பின்னாளில் அதே வானொலியை அவர் நெடுங்காலம் புறக்கணித்தார் என்பது ஒரு முரண்.

தாய் பஷீரன் பேகம் பாடகர் குடும்பத்துப் பெண். மகனுக்கும் பாடகராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. தந்தை வழிச் சிதார் மரபு அறுந்துவிடக் கூடாது எனத் தாய் தடுத்துவிட்டார். பாட முடியாமற்போன அந்தக் குரலையே அவர் கம்பியில் தேடினார் எனலாம். ஒருமுறை மீட்டியபின், அதே மெட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஐந்து சுரங்கள் வரை ஏறி இறங்குவார். மீட்டல் ஒன்றுதான், ஒலியோ பாடகர் ஒரே மூச்சில் இழைக்கும் சங்கதி போல் நீளும். ராக் கிதார் கலைஞர்கள் கம்பியை வளைத்து வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த உத்தி புரியும்; ஆனால் இங்கு அதன் வீச்சு மிகப் பெரிது.

இத்தகைய இழுப்பைப் பழைய சிதார் தாங்காது. எனவே கருவியையே அவர் மாற்றினார். தண்டையும் இணைப்புகளையும் வலுவாக்கினார். கீழ்ஸ்தாயிக்குரிய தடித்த கம்பிகளை நீக்கி, முதன்மைக் கம்பிகளை ஆறாகக் குறைத்தார். 'காயகி அங்' எனப்படும் இப்பாணியே இன்று பெரும்பாலான சிதார் கலைஞர்களிடம் ஏதேனும் ஒரு வடிவில் காணப்படுகிறது. சத்யஜித் ராயின் 'ஜல்சாகர்' (1958) படத்துக்கு இசையமைத்தவரும் இவரே.

2004 மார்ச் 13-இல் மும்பையில் காலமான அவர், கொல்கத்தாவில் தந்தையின் கல்லறை அருகே அடக்கம் செய்யப்பட்டார். 2017-இல் மத்திய அரசு அவருடைய தம்பி இம்ரத் கானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. மிகவும் காலம் கடந்து வந்த விருது என்று கூறி அவரும் மறுத்துவிட்டார்.