தன் கதையைத் தானே எழுதிய மேரி அஸ்டர்

‘லிட்டில் விமென்’ கதையைப் பள்ளி நாட்களில் வாசித்து, நான்கு பெண்களின் தாயை நேசித்தவர்கள் நம்மிற் பலர். 1949இல் வெளியான திரைப்படத்தில் அத்தாயாக நடித்தவர் மேரி அஸ்டர்.

இயற்பெயர் லூசில் லங்ஹாங்கே. 1906ஆம் ஆண்டு மே 3ஆந் திகதி அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திற் பிறந்தார். ஜேர்மனியிலிருந்து குடியேறிய தந்தை, மகளின் புகழை முதலீடாகவே கண்டவர். பியானோ பயிற்றினார், பின் பேசாப்படங்களில் நடிக்கவைத்தார். 19 வயதில் மகள் வாரம் 2,500 டொலர் உழைத்தபோதும் அவர் கைக்குக் கிடைத்தது 5 டொலர். தன் சம்பளம் தன் கைக்கு வர 26 வயதாயிற்று. உடனே பெற்றோர் அவர்மீது ஜீவனாம்ச வழக்குத் தொடுத்தனர்!

அதைவிடப் பெரிய சோதனை 1936இல் வந்தது. மகளைத் தன்னுடன் வைத்திருக்க அவர் தொடர்ந்த வழக்கில், முன்னாள் கணவரான வைத்தியர் மேரியின் டயறியை ஆயுதமாக்கினார். பத்திரிகைகள் அதில் இல்லாதவற்றையும் இட்டுக்கட்டி எழுதின. பகலில் ‘டொட்ஸ்வேர்த்’ படப்பிடிப்பு, இரவில் நீதிமன்றம். மேரி பின்வாங்கவில்லை, மகளைத் தன்னுடன் வைத்திருக்கும் உரிமையைப் பெற்றார். நீதிமன்றம் முத்திரையிட்டு வைத்த அந்த டயறி 1952இல் எரிக்கப்பட்டது.

இடையில் ‘த மோல்டீஸ் ஃபல்கன்’ வந்தது. ‘த கிரேட் லை’ படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது. அதிற் பியானோக் கலைஞராக நடித்தவருக்குத் தந்தையின் பயிற்சி அங்கேனும் உதவியிருக்கும். ஆனாலும் மதுப்பழக்கம் அவரை வாட்டியது.

மனநோவுக்கு மருந்தாக எழுதிப்பாரும் என உளவியல் கற்ற கத்தோலிக்கக் குரு ஒருவர் தூண்டினார். 1959இல் ‘மை ஸ்டோரி’ வெளியாகி அமோகமாக விற்பனையானது. ஒருகாலம் பிறர் தூக்கிப்பிடித்து அவமானப்படுத்திய அந்தரங்கத்தை, மதுவையும் மணமுறிவுகளையும் மறைக்காமல் இம்முறை அவரே எழுதினார். பின்னர் ஐந்து நாவல்கள். அவற்றைவிட, படப்பிடிப்புத் தளத்தின் உழைப்பைச் சொல்லும் ‘எ லைஃப் ஒன் ஃபிலிம்’ (1971) என்ற நூலே எனக்கு மேலானதாகப்படுகிறது. ஒளியமைப்பு, நீண்ட காத்திருப்பு, ஒரே முகபாவத்தைப் பலமுறை தரும் சலிப்பு எல்லாம் அதில் உண்டு.

1964இல் கடைசிப் படத்தில் நடித்து ஓய்வு பெற்றார். முதுமையில் திரைக்கலைஞர் இல்லத்திற் குடியிருந்து, 1987 செப்டெம்பர் 25இல் 81ஆவது வயதில் காலமானார்.