கணக்கும் கருணையும்
ஜே. ஸி. குமரப்பாவின் வாழ்க்கை

பழவேற்காடு ஏரியின் மேல்கரையில், கும்மிடிப்பூண்டி தாலூகாவில் உள்ள சுண்ணாம்புக்குளத்திலும் அதைச் சூழ்ந்த மீனவக் கிராமங்களிலும், ஆபத்துக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவது புதிதன்று. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கியபோதும், 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதப் புயல்மழையின்போதும் இவ்வட்டாரத்து மீனவர்களின் பெயரால் நாடெங்கும் உண்டியல் குலுங்கிற்று. அரிசியும் துணியும் வந்தன. வந்தவர்கள் திரும்பிப் போயினர். பிறகு வலையை உதறிக்கொண்டு கரையில் உட்காரும் ஏழையின் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. நம் பெயரைச் சொல்லி வசூலித்தது எவ்வளவு, நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதே அக்கேள்வி.

இதைக் கேட்பவன் நன்றி கெட்டவன் என்று நினைக்கும் தேசத் தொண்டர்கள் உண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடையளிக்க ஆற்றலுள்ள ஸ்தாபனமே நீடித்துத் தர்மம் செய்யும் ஸ்தாபனம். இந்த உண்மையை நமது தேசிய இயக்கத்துக்குக் கற்பித்தவர் ஒரு தமிழர். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அவர் கற்பித்த பாடம் இன்னும் பழையதாகவில்லை. ஆகையால் ஸ்ரீ ஜே. ஸி. குமரப்பாவின் சரித்திரத்தை நேயர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமையாகிறது.

1892-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோஸப் செல்லதுரை கார்னீலியஸ். தந்தையார் மராமத்து இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். பிள்ளைகளை உயர்ந்த கல்வி பெறச் செய்த வீடு அது. செல்லதுரை சென்னையில் படித்து, பின்னர் சீமைக்குச் சென்று கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். லண்டனில் சில காலம் அத்தொழிலையே நடத்திய பின் தாயாரின் விருப்பத்துக்கு இணங்கித் தாய்நாடு திரும்பிப் பம்பாயில் காரியாலயம் அமைத்தார். அந்நாளில் அவருடைய உடையும் நடையும் முற்றும் ஆங்கில மயமாகவே இருந்தன. தேசத்தின் விடுதலையைப் பற்றி அவர் கவலை கொண்டதாகச் சொல்ல இயலாது. கணக்கில் ஒரு தம்படி தவறினாலும் விடாது தேடிக் கண்டுபிடிக்கும் குணம் மட்டும் அப்போதே அவரிடம் வேரூன்றியிருந்தது.

1927-ல் அவர் அமெரிக்கா சென்றார். ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகமும், நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலையில் அரசாங்க வரவுசெலவு சாஸ்திரமும் பயின்றார். அங்கே பேராசிரியர் ஸெலிக்மனிடம் மாணவராயிருந்தபோது, இந்தியா ஏன் வறுமையில் ஆழ்ந்தது என்பதை ஆராயும் பணி அவருக்கு வாய்த்தது. வரி எங்கிருந்து வருகிறது, வந்த பணம் எங்கே போகிறது என்ற இரண்டு வரிசைகளை எதிரெதிரே எழுதிப் பார்த்தவருக்கு உண்மை விளங்கிற்று. ஏழைக் குடியானவனிடம் வாங்கிய பணம் அவனுக்குப் பயன்படாமல், அந்நிய ஆட்சியின் பட்டாளத்துக்கும் உத்தியோகஸ்தர்களின் சம்பளத்துக்கும் கடனின் வட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. மேடைப் பிரசங்கம் கேட்டுத் தேசபக்தரானவர் பலர். குமரப்பாவோ வரவுசெலவுப் புத்தகத்தைப் படித்துத் தேசபக்தரானவர். தம் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை மேற்கொண்டதும் அக்காலத்தில்தான்.

1929-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். மகாத்மாவைக் காணக் குறித்த வேளைக்குச் சில நிமிஷம் முன்பாகவே போய்ச் சேர்ந்தார். சாணமிட்டு மெழுகிய தரையில், மரத்தடியில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நாகரிக உடையணிந்து நின்ற குமரப்பா, கடியாரத்தைப் பார்த்தபடி அவர் ராட்டையையே கவனித்துக்கொண்டிருந்தார். குறித்த வேளை வந்ததும் கிழவர் இவர் பெயரைக் கேட்ட பிறகுதான், எதிரில் இருப்பவர் மகாத்மாவே என்பது விளங்கிற்று. பட்டுக் கால்சட்டையுடன் அப்படியே தரையில் அமர்ந்தார். அன்று அமர்ந்தவர் பிறகு நாற்காலி வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. மகாத்மா அவருடைய ஆராய்ச்சியைத் தம் பத்திரிகையில் வெளியிட்டதுடன், குஜராத்தில் கேடா ஜில்லா மாத்தர் தாலூகாவின் கிராமப் பொருளாதார நிலையை நேரில் கணக்கெடுக்கும் வேலையையும் அவரிடம் ஒப்படைத்தார். குஜராத்தி பாஷை அறியாத அவர், வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து அதை முடித்தார்.

உப்புச் சத்தியாக்கிரகத்தின் நாட்களில் பத்திராதிபராக இருந்து அவர் சிறை புகுந்தார். 1931-ல் இந்தியாவின் பொதுக்கடனில் பிரிட்டன் ஏற்க வேண்டிய பங்கு யாது என்பதை ஆராயக் காங்கிரஸ் நியமித்த குழுவை ஒருங்கு சேர்த்து நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. சாம்ராஜ்யத்தின் கணக்குப் புத்தகத்தையே திறந்து, இந்தச் செலவு எங்களுடையதன்று என்று விரல் வைத்துக் காட்டிய அறிக்கை அது. இதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். ஏனெனில் மூன்று வருஷங்களுக்குப் பின் அதே விரல் நம்மவர் பக்கமும் நீண்டது.

1934-ஆம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பிற்பகலில் பீஹார் மாகாணத்தைப் பூகம்பம் தாக்கிற்று. முங்கேர், முஜாபர்பூர் முதலிய நகரங்கள் நொடிப்பொழுதில் இடிந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், வயல்கள் பிளந்து மணல் பொங்கின. சிறையிலிருந்த பாபு ராஜேந்திர பிரசாத் இரண்டு நாட்களில் விடுதலை பெற்று, நோயுற்ற உடலையும் பொருட்படுத்தாமல் மத்திய நிவாரணக் குழுவை அமைத்தார். ஹரிஜன யாத்திரையாகத் தென்னாட்டில் சுற்றிக்கொண்டிருந்த மகாத்மா, நம் தமிழ் ஜில்லாக்களிலும் பீஹார் மக்களுக்காகக் கையேந்தினார். நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது.

அப்போது காங்கிரஸ் இருந்த நிலை யாது? அரசாங்கத்தோடு போர் இன்னும் ஓயவில்லை. தலைவர் பலர் சிறையில். வைஸ்ராயின் பெயரால் வேறொரு நிவாரண நிதியும் வசூலாகிக்கொண்டிருந்தது. தேசபக்தர்களிடம் கொடுத்த பணம் துயருற்றோருக்குப் போகுமா, கட்சிக்குப் போகுமா என்று கேட்கப் பலர் காத்திருந்தனர். 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் திரட்டிக் காட்டிய நாடு இது. வசூலிக்கும் வித்தை நமக்குத் தெரியும். வசூலித்ததைக் காக்கும் வித்தைக்கோ இப்போது பரீட்சை வந்தது. அந்தப் பரீட்சைக்கு ராஜேந்திர பாபுவின் குழு தேர்ந்துகொண்டவர் குமரப்பா. குழுவின் பொருளாதார ஆலோசகராக அவர் பாட்னாவில் அமர்ந்தார்.

நிவாரண வேலையின் இயல்பு நேயர்களில் பலருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். இடம் பல, கை பல, அவசரம் பெரிது. ரசீது எழுதப் பொழுதில்லை என்பார் ஒருவர். தொண்டருக்குச் சோறு போடாமல் வேலை நடக்குமா என்பார் இன்னொருவர். பணம் திருடரால் மட்டும் ஒழுகுவதில்லை. பெரும்பாலும் நல்லவர்களின் அசட்டையாலேயே ஒழுகுகிறது. இதை நன்குணர்ந்த குமரப்பா தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று வரையறுத்தார். அதற்கு மேல் தேவைப்படுபவர் தம் பையிலிருந்து செலவிட்டுக்கொள்ளவேண்டும். துயருற்றோரின் பணத்தைத் தொடலாகாது.

சில நாட்களில் மகாத்மாவே பீஹாருக்கு விஜயம் செய்தார். அவருடன் பரிவாரமும் வந்தது. பரிவாரத்தின் பாலுக்கும் பழத்துக்கும், மோட்டார் வண்டியின் பெட்ரோலுக்கும் ஆகும் செலவை நிதியிலிருந்து கொடுப்பது இயல்பென்று யாரும் நினைப்பார்கள். குமரப்பா நினைக்கவில்லை. மூன்றணாக் கணக்கில் இது அடங்காது, ஆகவே தம்மால் கொடுக்க இயலாது என்று ஸ்ரீ மகாதேவ தேசாயிடம் தெரிவித்துவிட்டார். செய்தி மகாத்மாவின் காதுக்கு எட்டிற்று. அவர் குமரப்பாவை அழைத்துக் காரணம் கேட்டார். பொது ஜனங்கள் பூகம்பத்தால் துன்புற்றவர்களுக்கென்று கொடுத்த பணம் இது, அதைக் காப்பதற்கே தாம் நியமிக்கப்பட்டிருப்பது என்பதைக் குமரப்பா எடுத்துரைத்தார். மகாத்மா அதை முழுமனதுடன் ஏற்றுக்கொண்டார். தம் கூட்டத்தாரின் செலவு அந்நிதியின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டார்.

இந்த நிகழ்ச்சியைப் பலர் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. நாம் இதைச் சிரிப்புக்குரியதாகக் கருதவில்லை. தேசத்தின் தலைசிறந்த மனிதருக்கே விலக்கில்லை என்றால், கடைசித் தொண்டனுக்கு விலக்குக் கேட்க வாய் எழுமா? ஸ்தாபனத்தில் உள்ள அத்தனை பேருடைய கணக்கும் அந்த ஒரு மறுப்பினால் நேராகிவிட்டது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. ஒரு ரூபாய் கொடுத்த ஏழைக்கும், ஆயிரம் கொடுத்த செல்வருக்கும், தம் பணம் மகாத்மாவின் பழத்துக்குக்கூடப் போகவில்லை என்பது தெரிந்தது. அடுத்த முறை கையேந்தும்போது அவர்கள் கதவைச் சாத்தமாட்டார்கள். உண்மையான வசூல் அங்கேதான் தொடங்குகிறது. ஆபத்து வந்தபின் கூச்சலிட்டுத் திரட்டும் பணம் ஒரு முறை கிடைக்கும். கணக்கினால் திரளும் நம்பிக்கையோ வருஷாவருஷம் விளையும் நன்செய்.

அதே வருஷம் டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பை மகாத்மா குமரப்பாவிடமே விட்டதில் வியப்பென்ன? வார்தாவில் மகன்வாடியைத் தலைமையிடமாக்கி, கைக்குத்தலரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் முதலியவற்றை அவர் வளர்த்தார். தர்மத்தைப் பற்றிய அவருடைய நோக்கமும் அங்கே விரிந்தது. ஆபத்தில் அன்னமிடுவது அவசியம். ஆனால் மறு ஆபத்துக்குள் அவனைத் தன் காலில் நிற்கச் செய்யாத உதவி பாதி உதவியே என்பது அவர் சித்தாந்தம். ஆகஸ்டுப் போராட்டத்தில் மறுபடியும் சிறை புகுந்து, ஜபல்பூர்ச் சிறையில் நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றிய தம் பேர்பெற்ற நூலை எழுதினார். இயற்கை தரும் வட்டியை உண்ணலாம், முதலை உண்ணலாகாது என்பதே அதன் சாரம் எனலாம். கணக்கரின் கண்ணால் பூமியையே பார்த்த நூல் அது.

சுதந்திரம் வந்தபின் காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்து, 1949-ல் அறிக்கை சமர்ப்பித்தார். உழுபவனுக்கே நிலத்தின் உரிமை சேரவேண்டும் என்ற அவ்வறிக்கையின் போக்கு அதிகாரத்தில் அமர்ந்த பலருக்கு உவப்பாக இல்லை. அந்நிய சர்க்காரைக் கேட்ட கேள்விகளையே சொந்த சர்க்காரையும் கேட்டதால், பழைய தோழர்கள் சிலர் அவரை விட்டு விலகினர். இதில் அவர் பிடிவாதமும் ஓரளவு காரணமே. விட்டுக்கொடுத்துக் காரியம் சாதிக்கும் சாமர்த்தியம் அவரிடம் இல்லை. அது குறையென்பவர் சொல்லட்டும். அந்தக் குறையே பாட்னாவில் தேசத்தின் மானத்தைக் காத்தது. விவாகம் செய்துகொள்ளாத அவர், கடைசிக் காலத்தை மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய வாழ்க்கையாகக் கழித்தார். 1960-ஆம் வருஷம், மகாத்மா மறைந்த அதே ஜனவரி 30-ந் தேதி, சென்னையில் உயிர் நீத்தார்.

மறுபடியும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வருவோம். இவ்வேரியின் மீனவரிடையே பாடு என்ற பழைய முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடும் உரிமை இன்னாருக்கு என்று, உரிமையுள்ளோர் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வர். எல்லோரும் அறியப் பங்கிட்டதால் மறைக்க இடமில்லை. வலியவன் எளியவன் இடத்தைப் பறிக்கவும் வழியில்லை. எழுத்தறியாத முன்னோர் நீரின்மேல் எழுதிய இந்தக் கணக்கை, எழுத்தறிந்த நாம் காகிதத்தின்மேல் எழுதக் கூசலாமா?

அடுத்த புயல் வரத்தான் போகிறது. அதற்கு முன்பே தேசத் தொண்டர்கள் செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு. ஒவ்வொரு நிவாரண ஸ்தாபனமும் தன் ரசீதுப் புத்தகத்தை இன்றே எண்ணிட்டு வைக்கட்டும். தொண்டர் செலவுக்கு வரம்பு கட்டட்டும். அவ்வரம்பு தலைவருக்கும் பொருந்தட்டும். வெளியார் ஒருவரைக் கொண்டு கணக்கைப் பரிசோதித்து, பணம் கொடுத்தவருக்கு அச்சிட்டு அனுப்பட்டும். அதோடு நில்லாமல், உதவி பெற்ற கிராமத்துக்குச் சென்று, ஊர் கூடிய இடத்தில் அதை உரக்கப் படிக்கட்டும். சுண்ணாம்புக்குளத்து மீனவன் அதைக் கேட்டுத் தலையசைத்தால், அதுவே குமரப்பாவுக்கு நாம் எழுப்பும் ஞாபகச் சின்னம்.