தொண்டே வாழ்வாய் நின்ற மேரி கிளப்வாலா ஜாதவ்

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஊனமுற்ற ஒருவருக்கு இந்நான்கும் ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் கிடைக்க வேண்டுமாயின், பொருள் வழங்குவோர் மட்டும் இருந்தால் போதாது, பொறுப்பேற்பாரும் வேண்டும். கணக்கைச் சரிபார்க்கவும், சமையலறையை எட்டிப் பார்க்கவும், பணியாளர் ஊதியத்துக்கு வழி தேடவும், ஆண்டுக்காண்டு இல்லம் நிலைத்து நிற்கக் கவலை கொள்ளவும் ஊதியம் பெறாத சிலர் ஒன்றுகூட வேண்டும். அத்தகைய கௌரவப் பணியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, தமிழகத்தில் அதற்கு ஓர் இலக்கணம் வகுத்துச் சென்றவர் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்.

இளமையும் இழப்பும்

அம்மையார் 1909ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் ரஸ்தம் பட்டேல், தாயார் அல்லமாய். அக்காலத்தில் சென்னையில் வாழ்ந்த பார்சி மக்கள் சில நூறு பேரே. எண்ணிக்கையில் சிறியதாயினும் வணிகத்திலும் ஈகையிலும் பெயர் பெற்ற சமூகம் அது. சென்னையில் கல்வி கற்ற மேரி, பதினெட்டாம் வயதில் நோகி கிளப்வாலாவை மணந்தார். 1930இல் ஆண் குழந்தை பிறந்தது. 1935இல் கணவர் நோயுற்று மறைந்தார். இருபத்தாறு வயதில், ஐந்து வயது மகனுடன் அம்மையார் தனித்து நின்றார்.

கைம்மை என்பது வீட்டின் ஒரு மூலையில் முடங்குவதென்று உலகம் எண்ணிய காலம் அது. அம்மையாரோ தம் துயரைப் பிறர் துயரோடு சேர்த்துச் சுமக்கத் துணிந்தார். சென்னைப் பேராயராக இருந்த வாலரின் துணைவியார் 1920களில் தொடங்கிய சேவைக் கழகம் நகரில் இயங்கி வந்தது. அதில் உறுப்பினராகச் சேர்ந்து சிறு சிறு வேலைகளில் தொடங்கிய அம்மையார், பின்னர் அதன் கௌரவச் செயலாளராகி, அந்த அமைப்பின் உயிராகவே விளங்கினார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஏராளமான வீரர்கள் தங்க வைக்கப்பட்டனர். ஊரும் உறவும் விட்டு வந்த அவர்களுக்கு ஆறுதல் கூற ஆளில்லை. 1942இல் அம்மையார் எல்லாச் சமயத்தையும் சார்ந்த மகளிரைத் திரட்டி இந்திய விருந்தோம்பல் குழுவை அமைத்தார். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள் ஓடின. மருத்துவமனைகளில் கிடந்த காயம்பட்டோரை மகளிர் சென்று கண்டு, அவர்தம் கைக்கும் மனத்துக்கும் வேலை தந்தனர். போர் முடிந்ததும் குழு கலைந்துவிடவில்லை. எஞ்சிய நிதி முன்னாள் வீரர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவியது.

நன்றியின் அடையாளமாகப் பதினான்காம் படையினர் தாம் கைப்பற்றிய ஜப்பானிய வாளொன்றை அம்மையாருக்குப் பரிசளித்தனர். வாளேந்தாது அன்பினால் மட்டுமே பணி செய்தவருக்கு வாள் பரிசாக வந்தது நினைந்து வியக்கத்தக்கது.

ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம்

அம்மையாரின் பணிகளுள் நம் சிந்தனைக்கு முதன்மையானது, 1953இல் சென்னையில் அவர் தொடங்கிய பால விஹார். அக்காலத்தில் மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று வழங்கப்பட்ட குழந்தைகளின் நிலை மிக இரங்கத்தக்கது. முன்வினைப் பயன் என்று பழி கூறுவார் ஒருபுறம். விருந்தினர் வந்தால் பின்கட்டில் மறைத்து வைப்பார் ஒருபுறம். சில குழந்தைகள் மனநோய் மருத்துவமனைகளில் நோயாளிகளிடையே சேர்க்கப்பட்டனர். நோயும் வளர்ச்சிக் குறைவும் வேறு என்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. வினையைக் காரணம் காட்டிக் கருணையைக் கைவிடுவது எந்த அறநூலுக்கும் உடன்பாடன்று.

இக்குழந்தைகளும் பொறுமையோடு கற்பித்தால் உண்ணவும் உடுக்கவும் சிறு தொழில் செய்யவும் வல்லவராவர் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த நிறுவனம் பால விஹார். இல்லமும் சிறப்புக் கல்வியும் தொழிற்பயிற்சியும் ஒருங்கே அமைந்த இடமாகக் கீழ்ப்பாக்கத்தில் அது பெயர் பெற்றது.

இதே காலத்தில் இங்கிலாந்திலும் இத்தகைய முயற்சி நடந்தது. போர் விமானியாயிருந்த லெனார்டு செஷயர், 1948இல் கவனிப்பாரற்ற நோயாளி ஒருவரைத் தம் இல்லத்தில் ஏற்றார். அதிலிருந்து பிறந்த செஷயர் இல்லங்கள் 1950களில் இந்தியாவுக்கும் வந்தன. அந்தந்த ஊரின் தன்னார்வலர் குழுவே இல்லத்தை நடத்துவது அவற்றின் முறை.

அன்பும் அறிவும்

நல்லெண்ணம் மட்டும் தொண்டுக்குப் போதும் என்று அம்மையார் எண்ணவில்லை. இரக்கத்தோடு வந்தவர் பயிற்சியின்மையால் தவறிழைத்தால், அதன் துன்பம் பேச இயலாத குழந்தையின் மேலன்றோ விழும்? ஆகவே 1952இல் சென்னை சமூகப் பணிக் கல்லூரி தோன்ற அவர் காரணமானார். தென்னிந்தியாவில் இத்துறைக்கென எழுந்த முதற்கல்லூரி அது. பம்பாயில் 1936இல் டாட்டா அறக்கட்டளை நிறுவிய கல்லூரியே அதற்கு முன்னோடி. பயிற்சி பெற்றோர் ஊதியத்துக்குப் பணிபுரிய, பொறுப்புள்ளோர் ஊதியமின்றி மேற்பார்வை செய்ய, இருவரும் ஒருவரையொருவர் மதித்து நடப்பதே இல்லம் செழிக்கும் வழி என்பதை அம்மையாரின் பணிகள் உணர்த்துகின்றன.

பின்னாளில் இராணுவ அதிகாரியான மேஜர் சந்திரகாந்த் ஜாதவை அம்மையார் மறுமணம் புரிந்தார். 1956இல் சென்னை நகர ஷெரீப் பதவி வகித்தார். 1955இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1975இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகள் அவரை வந்தடைந்தன. இறுதி விருதுக்குரிய 1975ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியது

ஊனமுற்ற பிள்ளையைப் பெற்றோர் எவரையும் உறங்கவிடாத கேள்வி ஒன்றுண்டு: எமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்? அம்மையார் மறைந்தபின் சட்டங்கள் சில இதற்கு விடை தர முயன்றுள்ளன. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மனவளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனையின்மை, பல்வகை ஊனம் ஆகியவை உடையோர்க்குப் பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை மாவட்டக் குழு நியமிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் எதுவும் பதிவுச் சான்றிதழ் இன்றி இயங்கலாகாது என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்க்குமுன் அச்சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் கடமை.

ஆயினும் சட்டம் சுவரை எழுப்பும். உள்ளே விளக்கேற்றுவது மனிதர் கடன். திருச்சியிலோ திருவரங்கத்திலோ மணப்பாறை போன்ற சிற்றூரிலோ இத்தகைய இல்லம் ஒன்று இருப்பின், அதன் நிர்வாகக் குழுவுக்குத் தேவைப்படுவோர் நம்மிடையே பலருளர். கணக்கில் தேர்ந்த வணிகர் பொருளாளராகலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்சியை மேற்பார்வையிடலாம். தாய்மார் முன்னறிவிப்பின்றிச் சென்று குழந்தைகளின் தட்டையும் படுக்கையையும் பார்த்து வரலாம். பிறந்த நாளில் ஒருவேளை உணவளித்துப் படம் எடுத்துத் திரும்புவது எளிது. மாதந்தோறும் கூட்டத்துக்குச் சென்று, கசப்பான கேள்விகளைக் கேட்டு, ஆண்டுகள் பல அப்பொறுப்பில் நிலைத்திருப்பது அரிது. அவ்வரிய பணியைத் தம் இருபத்தாறாம் வயதின் பெருந்துயருக்குப் பின் கையிலெடுத்து, இறுதிவரை கைவிடாத அம்மையாரின் வாழ்வு நமக்கு வழிகாட்டுவதாகுக.