பட்டறையே பள்ளி

போல்ட்டு, நட்டு என நாம் வழங்கும் மரையாணியும் மரையும் எங்கு வாங்கினாலும் ஒன்றோடொன்று பொருந்துவது இன்று வியப்பன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, ஒவ்வோர் ஆணிக்கும் அதற்கெனச் செய்த மரை மட்டுமே பொருந்தும். இணை மாறினால் இரண்டும் பயன்படா. இக்குறையைக் களைய வழிகோலியவர் ஹென்றி மாட்ஸ்லி.

இலண்டனை அடுத்த வுல்லிச்சில் 1771ஆம் ஆண்டு பிறந்த மாட்ஸ்லி, பன்னிரண்டாம் அகவையில் அங்கிருந்த படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் பணியில் சேர்ந்தார். பின்னர்த் தச்சுப்பட்டறைக்கும், தம் மனம் நாடிய கொல்லுப்பட்டறைக்கும் மாறினார். அரமும் சுத்தியலுமே அவருக்குப் பாடநூல்களாயின. அவரது கைத்திறனைக் கேள்வியுற்ற பூட்டு வல்லுநர் ஜோசப் பிராமா, பதினெட்டு வயதான அவரைத் தம் தொழிலகத்தில் சேர்த்துக்கொண்டார். பூட்டின் நுண்ணிய உறுப்புகளைச் செய்யும் எந்திரங்களை உருவாக்கிய மாட்ஸ்லி, விரைவில் மேற்பார்வையாளராக உயர்ந்தார். 1797இல் வாரம் முப்பது ஷில்லிங் ஊதியத்தை உயர்த்துமாறு கேட்டார், அது மறுக்கப்பட்டது. குடும்பப் பொறுப்பு இருந்தும் பணியை விட்டு நீங்கிச் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அக்காலத்தில் உலோகத்தைக் கடைவோர் பெரும்பாலும் உளியைக் கையில் பிடித்தே வேலை செய்தனர். கை சற்று அசைந்தாலும் அளவு பிழைபடும். உளியை இறுகப் பற்றி நேராக நகர்த்தும் தாங்கியை மாட்ஸ்லி செம்மைப்படுத்தினார். 1800ஆம் ஆண்டளவில் அதனை நெடுந்திருகோடும் மாற்றத்தக்க பற்சக்கரங்களோடும் இணைத்து, சீரான புரிகளை வெட்டும் கடைசல் எந்திரத்தை அமைத்தார். போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்திற்காக மார்க் புரூனல் வடிவமைத்த கப்பி செய்யும் எந்திரங்களையும் அவரே செய்தளித்தார்.

அவரது பட்டறை ஒரு பயிற்சிக்கூடமாகவும் விளங்கியது. தொழிலாளர் செய்த பரப்பு சமமானதா எனச் சோதிக்கச் சமதளத் தகடுகள் வேலைமேசைகளில் வைக்கப்பட்டிருந்தன. அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு பங்கையும் அளக்கவல்ல திருகு அளவி ஒன்றை அவர் செய்து வைத்திருந்தார். அளவில் ஐயம் எழுந்தால் அதன் முடிவே இறுதியானது. தேவையற்ற உறுப்பொன்றையும் எந்திரத்தில் சேர்க்கலாகாது என்பதைத் தம் வேலையாலேயே கற்பித்தார்.

அங்குப் பணியாற்றியவர்களுள் நீராவிச் சம்மட்டியை உருவாக்கிய ஜேம்ஸ் நாஸ்மித், சார்லஸ் பாபேஜின் கணிப்பொறிக்கு உறுப்புகள் செய்த ஜோசப் கிளமெண்ட், ஜோசப் விட்வொர்த் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மாட்ஸ்லி 1831இல் மறைந்தார். தம் பட்டறை அளவில் அவர் கடைப்பிடித்த புரி ஒழுங்கினை நாடு முழுமைக்கும் உரிய தரமாக்க, 1841இல் விட்வொர்த் ஒரு முறையை முன்மொழிந்தார்; அது பரவலாக ஏற்கப்பட்டது. இளம் பொறியாளர் உயர்கல்வி பெற 1868இல் உதவித்தொகையையும் அவர் நிறுவினார். பட்டறையில் மாட்ஸ்லி கற்பித்த துல்லியம், மாணவர் வழியே உலகத் தொழில்களின் ஒழுக்கமாயிற்று.