ஜான் டிண்டால்

ஜவ்வாது மலையிலுள்ள அமிர்தியில், மழைக்காலத்தில் அருவி பாறைமேல் வீழ்ந்து ஓடுதலைக் காண்போர், ஓடுதல் நீரின் இயல்பு என்பதில் ஐயுறார். அந்நீரே உறைந்து பனிக்கட்டியானால் சுத்தியலின் ஓரடிக்கே சிதறும். ஆயினும் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் பனிக்கட்டியே ஆறுபோல் இறங்கி வருகின்றது. அதனைப் பனியாறு என்பர். உடையும் பொருள் ஓடுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடைகாண முயன்றோருள் ஒருவர் ஜான் டிண்டால்.

அவர் 1820-இல் அயர்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்தார். இளமையில் நில அளவைத் துறையில் பணியாற்றினார். பின்னர் ஜெர்மனி சென்று கற்று, 1853-இல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் பேராசிரியரானார். இளமையிற் பயின்ற நில அளவையே பனியாற்றின்மேல் அவருக்குத் துணை நின்றது.

1857-இல் மேர் டி கிளாஸ் என்னும் பனியாற்றின் குறுக்கே நேர்வரிசையாக முளைகளை நாட்டி, அவை நகர்வதைத் தியோடலைட் கொண்டு அளந்தார். நடுவிலிருந்த முளைகள் கரையோரத்தனவற்றினும் விரைந்து சென்றன. ஸ்காட்லாந்து அறிஞர் போர்ப்ஸ் 1842-இலேயே இதனைக் கண்டு, பனி பாகுபோல் ஒழுகுகின்றது எனக் கூறியிருந்தார். டிண்டால் அளவை ஒப்பினார், காரணத்தை ஒப்பவில்லை. பாகு இழுத்தால் நீளும், பனியோ பிளக்கும். பனியாற்றில் காணும் ஆழ்ந்த வெடிப்புகளே இதற்குச் சான்று என்பது அவர் கருத்து. பனியுருண்டையை மரஅச்சிலிட்டுப் பொறியால் நெருக்கினார். அது நொறுங்கியது, நொறுங்கிய துண்டுகள் மீண்டும் ஒட்டி அச்சின் வடிவம் பெற்றன. இரு பனித்துண்டுகள் தொட்டால் ஒட்டும் என்பதைப் பாரடே முன்னரே காட்டியிருந்தார். ஆதலின், உடைந்தும் ஒட்டியுமே பனியாறு இறங்குகின்றது எனத் டிண்டால் முடிவு செய்தார். இவ்வழக்கில் இருபாலும் சொற்கள் எல்லை கடந்தன என்றே கூறல் வேண்டும். போர்ப்ஸ் 1868-இல் மறைந்த பின்னும் அது ஓயவில்லை.

டிண்டாலின் பொறி விரைந்து நெருக்கியது. மலையோ ஆண்டுக்கணக்கில் நெருக்குகின்றது. பனிக்கட்டியின் வலிமையை ஒரே எண்ணால் உரைத்தல் இயலாது. விரைந்து தாக்கின் உடையும். மெல்லப் பாரம் ஏற்றின் வளையும். குளிரின் அளவு மாறினும், உள்ளிருக்கும் படிகங்களின் திசை மாறினும், அளவு வேறுபடும். அளப்பவரின் கைச்சூடே அதனை உருக்கிவிடும்! 1888-இல் மக்கானல் என்பார், தம் துணைவருடன், பனியாற்றுப் பனியை நாட்கணக்கில் பாரத்தால் இழுத்து வைத்து, அது உடையாமல் சிறிது சிறிதாக நீள்வதை அளந்து காட்டினார்.

அந்நாளில் டிண்டால் முதுமையுற்றிருந்தார். அலெட்ச் பனியாற்றை நோக்கிய மலைச்சரிவில் தாம் கட்டிய இல்லத்தில் கோடைகளைக் கழித்து வந்தார். 1893 டிசம்பரில், இங்கிலாந்தில், உறக்க மருந்து தவறுதலாக மிகுந்துவிட, உயிர் நீத்தார்.